லண்டனில் ஒரு பழைய வண்டிப்பேட்டை

வணிகர் சங்கப் பத்திரிகையில் மதுக்கடையைப் பற்றிக் கட்டுரையா என்று அன்பர்கள் சிலர் முகம் சுளிக்கக்கூடும். சென்ற ஆண்டு உணவுப் பொருள் கண்காட்சி ஒன்றைப் பார்க்க லண்டன் சென்றிருந்த எங்கள் நால்வரில் மதுவைத் தொடுகிறவர் எவரும் இல்லை. ஆனாலும் கண்காட்சி முடிந்த மறுநாள் பாதிப் பொழுதை ஒரு ‘பப்’பில்தான் கழித்தோம். 1543ஆம் ஆண்டு வரைபடத்திலேயே பெயர் காணப்படும் ஒரு வியாபாரத் தலம், இன்றும் அதே இடத்தில் அதே பெயரில் நடக்கிறது என்றால், அதைப் பார்க்காமல் திரும்ப ஒரு வியாபாரிக்கு மனம் வருமா? அங்கே பார்த்ததும், பின்னர் விசாரித்துத் தெரிந்துகொண்டதும் நம் கடைக்காரர்களுக்கும் பயன்படும் என்று தோன்றியதால் எழுதுகிறோம்.

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்பதன் சுருக்கம். நம் ஊர் டாஸ்மாக் கடையை மனத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்க்கக்கூடாது. குடும்பத்தோடு வந்து மதியச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். வயதானவர்கள் மூலையில் உட்கார்ந்து பத்திரிகை படிக்கிறார்கள். டீயும் காப்பியும் கிடைக்கின்றன. நாங்கள் டீதான் குடித்தோம். பாலைத் தனியாகக் கொடுத்து நம்மையே ஊற்றிக்கொள்ளச் சொல்லும் அந்த டீயைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை.

நாங்கள் போன பப்பின் பெயர் ‘ஜார்ஜ் இன்’. தேம்ஸ் நதியின் தென்கரையில், சதர்க் பகுதியில், பரோ ஹை ஸ்ட்ரீட்டில் 77ஆம் எண். லண்டன் பிரிட்ஜ் ரயில் நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடை. தெருவில் நின்று பார்த்தால் கடை தெரியாது. ஒரு நுழைவழியில் உள்ளே போனால் விரிந்த முற்றம். வலது கைப்பக்கம் நீண்ட பழைய கட்டடம். மாடிகளில் மரத்தூண் வைத்த திறந்த தாழ்வாரங்கள் ஓடுகின்றன. உத்தரங்கள் சற்றே தொய்ந்திருக்கின்றன. நம்மில் உயரமான நண்பர் ஒருவர் வாசற்படியில் தலையைக் குனிந்துதான் உள்ளே போனார்.

இந்தக் கட்டடம் 1677இல் கட்டியது. அதற்கு முந்தைய கட்டடம் 1676இல் சதர்க் பகுதியையே அழித்த பெருந்தீயில் போய்விட்டது. அடுத்த ஆண்டே பழைய முறைப்படியே திரும்பக் கட்டிவிட்டார்கள். வாடிக்கை வேறு இடத்துக்குப் போய்விடக்கூடாதே!

முற்றத்தைப் பார்த்ததும் எங்களுக்கு நினைவுக்கு வந்தது நம் பக்கத்து வண்டிப்பேட்டைதான். சிவகாசி, விருதுநகர், அருப்புக்கோட்டை வட்டாரத்தில் நம் முன்னோர் மகமைப் பணத்தில் கட்டிய பேட்டைகளைப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். மாட்டை அவிழ்த்துக் கட்ட, சரக்கை இறக்கிப் பத்திரமாக வைக்க, இரவு கண்ணயர ஓர் இடம். ஜார்ஜ் இன்னும் அப்படிப்பட்டதுதான். லண்டன் நகருக்குள் தேம்ஸைக் கடக்க 1750 வரை இருந்தது ஒரே ஒரு பாலம். கென்ட், சசெக்ஸ், சரே மாவட்டங்களிலிருந்து வரும் வண்டிகள் எல்லாம் இந்தத் தெரு வழியாகத்தான் பாலத்துக்குப் போயாக வேண்டும். பாலத்தின் கதவை இரவில் சாத்திவிடுவார்கள். பாலமும் குறுகலானது. அதன் மேல் நெரிசல் தாளாமல்தான் 1722இல் வண்டிகள் இடது பக்கமாகவே போகவேண்டும் என்று நகரத் தலைவர் உத்தரவு போட்டார். ஆகவே நேரம் தப்பி வந்தவர்கள் பாலத்துக்கு இப்பாலேயே தங்கினார்கள்.

இதனால் இந்த ஒரே தெருவில் வரிசையாகச் சத்திரங்கள் முளைத்தன. 1598இல் லண்டனைப் பற்றி நூல் எழுதிய ஜான் ஸ்டோ என்பவர் அவற்றில் எட்டைப் பெயர் சொல்லிக் குறித்திருக்கிறார். அடுத்த வாசல் ‘டபார்ட்’. ஆங்கிலக் கவி சாசரின் யாத்திரிகர்கள் கான்டர்பரிக்குக் கிளம்புவது அந்தச் சத்திரத்திலிருந்துதான். சற்றுத் தள்ளி ‘குவீன்ஸ் ஹெட்’. அது ஹார்வர்டு என்ற குடும்பத்தின் சொத்து. அதன் வாரிசான ஜான் ஹார்வர்டு அமெரிக்காவில் குடியேறி 1638இல் இறக்கும்போது தம் சொத்தில் பாதியையும் சுமார் 400 புத்தகங்களையும் அங்கிருந்த கல்லூரிக்கு எழுதிவைத்தார். இன்றைய ஹார்வர்டு பல்கலைக்கழகம் அவர் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. தகப்பனார் சதர்க்கில் இறைச்சிக் கடை வைத்திருந்தவர். தாயார் விட்டுப்போன சொத்துகளில் ஒன்று இந்தச் சத்திரம். கடைக்காசுதான் கல்லூரிக்குப் போயிருக்கிறது.

ஜார்ஜ் இன்னில் கீழ்த்தளம் சிறு சிறு அறைகளாகப் பிரிந்திருக்கிறது. இன்று ‘பழைய பார்’ என்று சொல்லும் அறை முன்பு கோச்சு வண்டிப் பயணிகள் காத்திருந்த இடம். அதற்கு அடுத்தது காப்பி அறை. நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வந்து உட்கார்ந்த இடம் என்கிறார்கள். மாடியில் இருந்த படுக்கையறைகள் இப்போது சாப்பாட்டுக் கூடம். முற்றத்தில் கோச்சுகளும் பாரவண்டிகளும் நிற்கும். எந்த வண்டி எந்த ஊருக்கு எந்தக் கிழமை புறப்படும் என்பது ஊர் அறிந்த விஷயம். இன்றைய நம் லாரி பார்சல் ஆபீஸ் செய்யும் வேலையை அன்று இந்தச் சத்திரங்கள் செய்தன. அதிலே சாப்பாடும் மதுவும் பக்க வியாபாரம் என்றே சொல்லலாம்.

பழைய பாரில் ஒரு பெரிய சுவர்க் கடிகாரம் இருக்கிறது. ‘பார்லிமென்ட் கடிகாரம்’ என்று அதற்குப் பெயர். பெயர்க் காரணத்தை நம்மவர்கள் அவசியம் கேட்கவேண்டும். 1797இல் பிரதமர் பிட் கடிகாரத்துக்கு வரி போட்டார். சுவர்க் கடிகாரத்துக்கு ஆண்டுக்கு 5 ஷில்லிங், தங்கக் கைக்கடிகாரத்துக்கு 10 ஷில்லிங், வெள்ளியோ மற்ற உலோகமோ ஆனால் இரண்டரை ஷில்லிங். (கைக்கடிகாரம் என்றால் அந்நாளில் சட்டைப்பையில் வைப்பது.) ஜனங்கள் கடிகாரம் வாங்குவதையே நிறுத்திவிட்டார்கள். கடிகாரத் தொழிலாளர்கள் வேலை இல்லாமல் திண்டாடினார்கள். அரசாங்கம் எதிர்பார்த்த பணமும் வரவில்லை. ஒன்பதே மாதத்தில், 1798இல், வரியை எடுத்துவிட்டார்கள். அந்தச் சமயத்தில் சொந்தக் கடிகாரம் இல்லாதவர்கள் மணி பார்க்கச் சத்திரத்துக்கு வந்தார்கள் என்று சொல்லி, சத்திரத்துப் பெரிய கடிகாரங்களுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. இந்த மாதிரிக் கடிகாரங்கள் வரிக்கு முன்பே இருந்தவைதான். ஆனால் பெயர் வரியின் பெயர். ஒன்பது மாதத்தில் திரும்பப் பெற்ற வரி என்றதும் எங்கள் நால்வருக்கும் வந்த பெருமூச்சை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

இந்தத் தெருவின் முக்கிய மொத்த வியாபாரம் ‘ஹாப்ஸ்’. பியருக்குக் கசப்பையும் மணத்தையும் கொடுத்து, அதைக் கெடாமலும் காக்கும் ஒரு கொடியின் பூ அது. விளைவது கென்ட் மாவட்டத்தில். காய வைத்து, ஆள் உயரச் சாக்குகளில் மிதித்து அடைத்து இங்கே கொண்டுவருவார்கள். அந்தச் சாக்குக்கு ‘பாக்கெட்’ என்று பெயர் வைத்திருப்பதுதான் வேடிக்கை. பக்கத்துச் சதர்க் ஸ்ட்ரீட்டில் 1867இல் திறந்த ‘ஹாப் எக்ஸ்சேஞ்ச்’ கட்டடம் இன்றும் இருக்கிறது. நடுக்கூடத்துக்கு முழுக்கக் கண்ணாடிக் கூரை. ஏன் என்றால், சரக்கின் நிறத்தையும் தரத்தையும் விளக்கு வெளிச்சத்தில் மதிப்பிட முடியாது. பகல் வெளிச்சம் வேண்டும். மிளகாய் வற்றலையும் மல்லியையும் மண்டிக்கு வெளியே வெயிலில் கொண்டுவந்து உள்ளங்கையில் கொட்டிப் பார்க்கிற நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. 1920இல் ஒரு தீ விபத்தில் மேல்தளங்கள் போய்விட்டன. இப்போது உள்ளே அலுவலகங்கள். வாசல் இரும்பு வேலைப்பாட்டில் மட்டும் ஹாப்ஸ் கொடி படர்ந்திருக்கிறது.

இவ்வளவு வியாபாரத்தையும் கவிழ்த்தது ரயில். 1836இல் லண்டன் பிரிட்ஜ் நிலையம் திறந்தது. பத்துப் பதினைந்து ஆண்டுகளில் கோச்சு வண்டி ஓட்டம் படுத்துவிட்டது. வண்டி நிற்காத பேட்டைக்கு என்ன வேலை? டபார்ட்டை 1870களில் இடித்தார்கள். ‘ஒயிட் ஹார்ட்’ 1889இல் போயிற்று. ஜார்ஜ் இன் ‘கிரேட் நார்தர்ன்’ ரயில் கம்பெனியின் கைக்குப் போனது. கம்பெனிக்கு வேண்டியது சத்திரம் அல்ல, சரக்கு வைக்க இடம். அதே 1889இல் முற்றத்தைச் சுற்றியிருந்த கட்டடத்தில் இரண்டு பக்கங்களை இடித்துக் கிடங்கு கட்டினார்கள். மிஞ்சியது தெற்குப் பக்கம் மட்டும். நாங்கள் பார்த்து வியந்ததெல்லாம் அந்த மிச்சம்தான். தாழ்வாரம் வைத்த கோச்சுச் சத்திரங்களில் லண்டனில் இன்று நிற்பது இது ஒன்றே. 1937இல் அப்போதைய ரயில் கம்பெனி இதை ‘நேஷனல் டிரஸ்ட்’ என்ற பாதுகாப்பு அறக்கட்டளைக்குக் கொடுத்துவிட்டது. அதனால் பிழைத்தது.

கடைக்குள் நடைமுறையைச் சொல்லவேண்டும். மேசையில் உட்கார்ந்து ஆளைக் கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்பதைக் கால் மணி நேரம் காத்திருந்து தெரிந்துகொண்டோம். நாமே பலகைக்குப் போய், கேட்டு, அங்கேயே காசு கொடுத்து வாங்கிவர வேண்டும். சரக்குக்கு முன் பணம். நாலு பேர் போனால் ஒருவர் நால்வருக்கும் வாங்குவார். அடுத்த சுற்று அடுத்தவர் முறை. பலகை முன்னால் வரிசை என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாது. ஆனால் யார் முதலில் வந்தவர் என்பது உள்ளே நிற்கும் பையனுக்குத் தெரியும்.

அளவு விஷயத்தில் கண்டிப்பு அதிகம். பெரும்பாலான சாமான்களைக் கிலோ, லிட்டருக்கு மாற்றிவிட்ட நாட்டில் குழாய் பியருக்குப் பழைய ‘பைன்ட்’ அளவைச் சட்டமே விட்டுவைத்திருக்கிறது. ஒரு பைன்ட் 568 மில்லி. கண்ணாடிக் குவளையிலேயே அரசு முத்திரை உண்டு. நம் படிக்கல்லுக்கும் தராசுக்கும் முத்திரை போடுவது போல. இந்த முத்திரைச் சட்டம் 1699இல் வந்தது. நுரை அதிகமாக இருந்தால் திரும்ப நிரப்பித் தரும்படி கேட்கலாம். கேட்டவரை யாரும் முறைப்பதில்லை. அதற்கும் முன்னால், 1393இல், மன்னர் இரண்டாம் ரிச்சர்ட் காலத்திலேயே மது காய்ச்சி விற்பவர் வாசலில் அடையாளப் பலகை மாட்டவேண்டும் என்று சட்டம் இருந்திருக்கிறது. ருசி பார்த்துத் தரம் சொல்லும் அதிகாரி கடையைக் கண்டுபிடிக்க வேண்டுமே! இன்று அழகுக்காகத் தொங்கும் குதிரை, சிங்கம், கிரீடம் படங்களெல்லாம் இன்ஸ்பெக்டருக்காக மாட்டியவை.

டிக்கன்ஸ் பெயர் வந்ததால் ஒரு செய்தி. பப்பிலிருந்து அதே தெருவில் தெற்கே கொஞ்ச தூரம் நடந்தால், மாதா கோயிலுக்குப் பக்கத்துச் சந்தில், ஓங்கி உயர்ந்த ஒரு செங்கல் சுவர் நிற்கிறது. ‘மார்ஷல்சி’ என்ற கடனாளிச் சிறையின் மிச்சம் அது. 1824இல் டிக்கன்ஸின் தகப்பனாரை அங்கே அடைத்தார்கள். 40 பவுண்டு 10 ஷில்லிங் பாக்கி. யாருக்கு? ஒரு ரொட்டிக் கடைக்காரருக்கு! அப்போது பையனுக்கு வயது 12. படிப்பை விட்டு, ஷூ பாலிஷ் கம்பெனியில் டப்பாவுக்குக் காகிதம் ஒட்டப் போனான். சுமார் மூன்று மாதம் கழித்துத் தகப்பனார் வெளியே வந்தார். இந்தக் கதையைப் படிக்கிறவர்கள் எல்லாரும் பையனுக்காக இரங்குவார்கள், நாமும்தான் இரங்கினோம். ஆனால் பேரேட்டில் நாற்பது பவுண்டு பாக்கி ஏறும்வரை ரொட்டி கொடுத்துக்கொண்டே இருந்த அந்தக் கடைக்காரரை நினைத்துப் பார்க்க ஒரு மளிகைக்காரரால்தான் முடியும். ஆளை உள்ளே வைத்தால் பாக்கி வசூலாகிவிடாது என்பதை அந்த நாடு கண்டுகொள்ள இன்னும் பல ஆண்டுகள் ஆயின. அந்தச் சிறையை மூடியது 1842இல்; கடனுக்காகச் சிறை வைப்பதைப் பெரும்பாலும் நிறுத்தியது 1869இல்.

இனி, நாங்கள் எழுத நினைத்ததன் மையத்துக்கு வருகிறோம். பலகைக்குப் பின்னால் நின்ற பையனிடம், “முதலாளி யார், தம்பி?” என்று நம்மில் ஒருவர் தமக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டார். பையன் சிரித்துவிட்டான். மானேஜர்தான் இருக்கிறார், அவரும் சம்பளக்காரர் என்றான். கட்டடம் டிரஸ்டுக்குச் சொந்தம். நடத்துவது ‘கிரீன் கிங்’ என்ற கம்பெனி. 1799இல் பரி செயின்ட் எட்மன்ட்ஸ் என்ற ஊரில் பியர் காய்ச்சத் தொடங்கிய பழைய பெயர். அந்தக் கம்பெனியையே 2019இல் ஹாங்காங்கின் சி.கே. நிறுவனம் வாங்கிவிட்டது. பெயர்ப்பலகை பழையது, லாபம் போகும் ஊர் புதியது.

ஆனால் ஆயிரக்கணக்கான பப்களில் சம்பள மானேஜர் இல்லை, குத்தகைக்காரர் இருக்கிறார். லண்டனின் வேறொரு பகுதியில் அப்படி ஒருவரைச் சந்தித்தோம். கணவனும் மனைவியுமாக மாடியில் குடியிருந்து கீழே கடை நடத்துகிறவர்கள். நாங்களும் கடைக்காரர்கள் என்று தெரிந்ததும் மனம் விட்டுப் பேசினார். கட்டடம் ஒரு கம்பெனியுடையது. அதற்கு வாடகை உண்டு. அதோடு, பியரையும் அந்தக் கம்பெனியிடம்தான் வாங்கவேண்டும்; வெளியே எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்கக்கூடாது. இந்தக் கட்டுக்கு ‘டை’ என்று பெயர். கட்டட வாடகையைக் காய்ந்த வாடகை என்றும், பியர் விலையில் கூடுதலாக வைத்து எடுப்பதை ஈர வாடகை என்றும் அந்தத் தொழிலில் சொல்கிறார்கள். வெளிச் சரக்கு ஓடுகிறதா என்று கண்டுபிடிக்க, நிலவறையில் பியர் குழாய்களிலேயே அளவுக் கருவி மாட்டி வைப்பதுண்டு. வாங்கிய கணக்குக்கும் குழாயில் ஓடிய கணக்குக்கும் வித்தியாசம் வந்தால் அபராதம்.

“வியாபாரம் ஏறினால் வாடகை ஏறும், வியாபாரம் இறங்கினால் வாடகை இறங்காது” என்றார் அந்த மனிதர். மொழிதான் வேறு, குரல் நம் கடைவீதியில் கேட்ட குரலாகவே இருந்தது.

இது புது வழக்கம் அல்ல. பியர் காய்ச்சுகிறவர்கள் பப்களை வாங்கிக் கட்டிப்போடுவது 18ஆம் நூற்றாண்டிலிருந்தே உண்டு. 1989இல் அரசாங்கத்தின் ஏகபோகத் தடுப்புக் குழு இதை விசாரித்தது. ஆறு பெரிய கம்பெனிகளே நாட்டின் பியரில் முக்கால் பங்கைத் தயாரித்தன. 2,000 பப்களுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனி, அதற்கு மேற்பட்டதில் பாதியைக் கட்டிலிருந்து விடவேண்டும் என்று உத்தரவு வந்தது. குத்தகைக்காரர் தம் விருப்பப்படி வெளியிலிருந்து ஒரு பியர் வாங்கி விற்கலாம் என்றும் அனுமதித்தார்கள். சிறு வியாபாரிக்கு விடிவு வந்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். நடந்தது வேறு. காய்ச்சும் கம்பெனிகள் பப்களைக் கை கழுவின; அவற்றை மொத்தமாக வாங்கிக்கொள்ள, பியரே காய்ச்சாத புதுக் கம்பெனிகள் முளைத்தன. காய்ச்சாதவருக்கு அந்த உத்தரவு செல்லாது! கடன் வாங்கி வாங்கிச் சேர்த்ததில் ‘பஞ்ச்’, ‘என்டர்பிரைஸ்’ என்ற இரண்டு கம்பெனிகள் மட்டும் ஒரு கட்டத்தில் தலைக்கு 8,000 பப்களுக்கு மேல் வைத்திருந்தன. கட்டு அப்படியே இருந்தது, கட்டினவர்தான் மாறினார். 1989 உத்தரவையும் 2003க்குள் எடுத்துவிட்டார்கள்.

குத்தகைக்காரர்கள் பல ஆண்டு போராடிய பிறகு 2015இல் சட்டம் வந்து, 2016 ஜூலையில் ‘பப்ஸ் கோட்’ என்ற விதி அமலுக்கு வந்தது. 500 அல்லது அதற்கு மேல் கட்டுப்பட்ட பப்கள் வைத்திருக்கும் கம்பெனிகளுக்கு அது பொருந்தும். வாடகை மறுபரிசீலனை வரும்போதோ குத்தகையைப் புதுப்பிக்கும்போதோ, “கட்டு வேண்டாம், சந்தை வாடகை மட்டும் தருகிறேன், சரக்கை விரும்பிய இடத்தில் வாங்கிக்கொள்கிறேன்” என்று குத்தகைக்காரர் கேட்கலாம். வழக்குத் தீர்க்கத் தனி அதிகாரி உண்டு. நாங்கள் சந்தித்தவர் அப்படிக் கேட்க யோசித்துக்கொண்டிருந்தார். சந்தை வாடகை என்று கம்பெனி எந்தத் தொகையைச் சொல்லுமோ என்ற பயம் அவருக்கு.

நம் ஊரில் கட்டட உரிமையாளர் சரக்குக்குக் கட்டுப் போடுவதில்லை. அந்த மட்டில் நாம் தேவலை. ஆனால் இலவசமாகக் குளிர்பெட்டி கொடுத்து, அதில் தன் பாட்டில் தவிர வேறு எதுவும் வைக்கக்கூடாது என்று சொல்லும் கம்பெனிகள் நமக்குப் புதிதல்ல. பெயர்ப்பலகை எழுதிக்கொடுத்து, அலமாரி கொடுத்து, பிறகு எந்த வரிசையில் எதை அடுக்குவது என்று சொல்ல வருகிறவர்களும் உண்டு. இலவசம் என்று வந்த எதிலும் கையெழுத்துப் போடும் முன் பின்பக்கத்துச் சிறு எழுத்தைப் படிக்கவேண்டும் என்று இளைய வியாபாரிகளுக்குச் சொல்லி வைக்கிறோம்.

பப் தொழிலே இப்போது மெலிந்துதான் கிடக்கிறது. 2000ஆம் ஆண்டில் பிரிட்டனில் ஏறக்குறைய 60 ஆயிரம் பப்கள் இருந்தன. இன்று 45 ஆயிரம் அளவுக்கு வந்துவிட்டது. சூப்பர் மார்க்கெட்டில் அதே பியர் மலிவு. 2007இல் புகை பிடிக்கத் தடை வந்தது. 2020இல் கொரோனாவுக்காகப் பூட்டினார்கள். பூட்டியதில் பல திறக்கவே இல்லை. காலி பப்பை வீடாக மாற்றினால் கட்டடம் கட்டுகிறவருக்கு நல்ல விலை. ஜார்ஜ் இன் போன்ற சரித்திரக் கட்டடத்தை யாரும் தொடமுடியாது. தெருமுனைப் பப்பை யார் காப்பது?

அதற்கு ஒரு வழியைத் தெற்கு லண்டனில் நன்ஹெட் என்ற பகுதி ஜனங்கள் கண்டிருக்கிறார்கள். ‘ஐவி ஹவுஸ்’ என்ற பப் 2012இல் விலைக்கு வந்தது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஊருக்குத் தேவையான கட்டடம் என்று உள்ளூராட்சிப் பட்டியலில் ஏற்றிவிட்டால், ஊரார் பணம் திரட்ட ஆறு மாத அவகாசம் கிடைக்கும். அதுவரை உரிமையாளர் வேறு யாருக்கும் விற்கக்கூடாது. அந்தப் பட்டியலில் நாட்டிலேயே முதலில் ஏறிய பப் அதுதான். அக்கம் பக்கத்தார் பங்கு போட்டுக் கட்டடத்தை வாங்கி 2013இல் கூட்டுறவாகத் திறந்துவிட்டார்கள். கட்டடமும் கல்லாவும் ஒரே கையில். எந்தக் கம்பெனி பியரும் விற்கலாம். திரும்பும் நாள் நெருங்கிவிட்டதால் எங்களால் அங்கே போக முடியவில்லை. லண்டன் போகிற சங்க அன்பர் யாராவது போய், பங்குத்தொகை எவ்வளவு, கணக்கு எப்படி வைக்கிறார்கள், லாபத்தை எப்படிப் பிரிக்கிறார்கள் என்று விசாரித்து வந்து இந்தப் பக்கங்களில் எழுதினால் படிக்கக் காத்திருக்கிறோம்.